கழுத்து முடியும் இடம்

பந்தயத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஜாக்கி செய்கிற முதல் காரியம் குதிரையின் கழுத்தில் பட்டென்று தட்டுவது. குதிரையேற்றப் போட்டிகளிலும் இதே வழக்கம்தான். சுற்று நன்றாக முடிந்தால் இரண்டு தட்டு. பதக்கம் கிடைத்தால் நாலைந்து, சத்தம் கேட்கும்படியாக. தட்டுகிறவருக்கு அது பாராட்டு, பார்க்கிறவர்களுக்கும் பாராட்டு. குதிரைக்கு?

குதிரைகள் ஒன்றையொன்று தட்டிக்கொடுப்பதில்லை. அவற்றின் வாழ்க்கையில் உடம்பின் மீது திடீரென்று விழும் அடிக்கு ஒரே பொருள்தான்: விலகு. அன்பு காட்டுவதற்கு அவற்றிடம் வேறொரு முறை இருக்கிறது. இரண்டு குதிரைகள் எதிரெதிர்த் திசை பார்த்து அருகருகே நின்று, ஒன்றின் கழுத்தை ஒட்டி மற்றது தலையை நீட்டி, முன்பற்களால் தோலைச் சுரண்டிக் கொடுக்கும். பிடரியோரத்தில் தொடங்கும், முதுகுக்கு இறங்கும், சில சமயம் வாலின் வேர்வரை போகும். சில நிமிடங்கள் கழித்துப் பக்கம் மாற்றிக்கொண்டு மறுபடியும் தொடங்கும். மந்தையில் எல்லாக் குதிரையும் எல்லாக் குதிரைக்கும் இதைச் செய்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன தோழர்கள் என்று உண்டு. குளிர்கால ரோமம் உதிரும் வசந்தத்தில் இந்தப் பரஸ்பரச் சொறிதல் கூடுகிறது. ஆனால் ரோமத்தைச் சுத்தம் செய்வது மட்டுமே நோக்கம் என்றால் உடம்பெங்கும் சமமாகச் சுரண்ட வேண்டும். அப்படி நடப்பதில்லை. பற்கள் திரும்பத் திரும்பத் தேடிப் போவது ஒரே இடத்தை: கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு, அதை ஒட்டிய கழுத்தின் அடிப்பகுதி. இங்கே அதைத் தோள்மேடு என்று அழைப்போம்.

ஏன் அந்த இடம்? இந்தக் கேள்வியைக் கையும் கருவியுமாக எடுத்துக்கொண்டவர்கள் க்ளோடியா ஃபே, ஜான் த மசியேர் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள். இடம், தென் பிரான்சில் ரோன் ஆறு கடலில் கலக்கும் கமார்க் சதுப்பு நிலம். அங்கே ஒரு குதிரை இனம் உண்டு. குட்டிகள் கருமையாகப் பிறந்து, வளர வளர வெளுத்து, கடைசியில் உப்பளத்தின் நிறத்துக்கு வந்துவிடும். அங்குள்ள தூர் து வாலா ஆய்வு நிலையம் 1954இல் தொடங்கப்பட்டது. 1970களிலிருந்து அங்கே ஒரு கமார்க் மந்தையைக் கடிவாளமும் சேணமும் இல்லாமல் தன்போக்கில் வாழவிட்டு, எந்தக் குதிரை யாருடன் சேர்கிறது, யாரை விரட்டுகிறது, யாரைச் சொறிகிறது என்று பொறுமையாகக் குறித்துவந்தார்கள். ஃபே அந்தக் கவனிப்பில் ஊறியவர்.

1993இல் வெளியான அவர்களது சோதனை எளிமையானது. குதிரைக்கு இதயத் துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டினார்கள். பிறகு மனிதக் கையே பல்லின் வேலையைச் செய்தது. விரல்களால், இன்னொரு குதிரை சுரண்டுவதுபோலவே, ஒருமுறை தோள்மேட்டுப் பகுதியில் சொறிந்தார்கள். இன்னொருமுறை குதிரைகள் தங்களுக்குள் அதிகம் தீண்டாத வேறோர் இடத்தில். அதே கை, அதே அழுத்தம், அதே ஆள். தோள்மேட்டில் சொறிந்தபோது துடிப்பு இறங்கியது: வளர்ந்த குதிரைகளில் சுமார் 11 சதவீதம், குட்டிகளில் சுமார் 13 சதவீதம். மற்ற இடத்தில் சொறிந்தபோது அந்த இறக்கம் வரவில்லை.

இந்த முடிவின் அழகு அதன் இரண்டாம் பாதியில் இருக்கிறது. தோள்மேட்டில் மட்டும் சோதித்திருந்தால், மனிதர் அருகில் நிற்பதே குதிரைக்கு ஆறுதல் என்று ஒருவர் வாதிட்டிருக்கலாம். எங்கே தொட்டாலும் சுகம்தான் என்று இன்னொருவர் சொல்லியிருக்கலாம். இரண்டும் அடிபட்டுப் போயின. எங்கே தொடுகிறோம் என்பதுதான் முக்கியம். எங்கே என்பதை முடிவு செய்வது நாமல்ல, குதிரைகள் தங்களுக்குள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் வரைபடம்.

கிட்டத்தட்ட 2,350 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தளபதி செனஃபோன் குதிரை வளர்ப்பைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு நெருக்கமான ஒரு யோசனை இருக்கிறது. ரோமம் அடர்ந்த இடங்களையும், ஏதாவது உறுத்தினால் குதிரையால் தானே எட்டமுடியாத இடங்களையும் தொட்டுப் பழக்கும்படி குதிரைக்காரனுக்குச் சொல்லவேண்டும் என்கிறார். முதுகைத் தேய்க்கக் கருவி கூடாது, கை போதும் என்றும் சொல்கிறார். போர்க்குதிரையில் ஏறி உயிரைப் பணயம் வைத்த மனிதர். அதன் தோலைக் கவனித்துப் பார்க்க அவருக்குக் காரணம் இருந்தது.

தோள்மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் கமார்க் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நாம் சொல்லாமலே இதயத்தையும் குடலையும் நடத்தும் தானியங்கி நரம்பு மண்டலத்தின் பெரிய நரம்பு முடிச்சுகளில் ஒன்று அந்தப் பகுதியை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. அந்த மண்டலத்துக்கு இரண்டு கிளைகள். பரிவு நரம்புகள் ஓடத் தயார்ப்படுத்தும், எதிர்ப்பரிவு நரம்புகள் அடக்கி அமர்த்தும். குதிரையின் உடலில் இந்த இரண்டாவது கிளையின் பிடி வியப்பூட்டும் அளவுக்கு வலுவானது. ஓய்வில் நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறைதான் துடிக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அதே இதயம் 220ஐத் தாண்டும். நல்ல பயிற்சியுள்ள குதிரையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், சில துடிப்புகளுக்கு ஒருமுறை ஒரு துடிப்பே விடுபட்டுப் போவதைக் கேட்கலாம். மனிதருக்கு இப்படி நடந்தால் மருத்துவர் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்வார். குதிரைக்கு இது பெரும்பாலும் நோயல்ல. வேகஸ் நரம்பு இதயத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பயந்தாலோ ஓடத் தொடங்கினாலோ பிடி தளர்ந்து, விடுபட்ட துடிப்பு வரிசைக்கு வந்துவிடும்.

இரையாகப் பிறந்த விலங்குக்கு இப்படியோர் இதயம் தேவை. புல் மேயும்போது அடங்கியிருக்க வேண்டும், புதர் அசைந்தால் நொடியில் உச்சத்துக்குப் போக வேண்டும். தோள்மேட்டில் சொறிவது அந்த இதயத்தை அடங்கும் பக்கமாகத் தள்ளுகிறது. மந்தையில் சண்டை முற்றாமல் இருப்பதற்கும், புதிதாகச் சேர்ந்த குதிரை நிலைகொள்வதற்கும் இந்தச் சொறிதல் உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுவதில் வியப்பில்லை.

இனி தோல். குதிரைத் தோல் தடிப்பானது, அதற்குச் சுரணை கம்மி என்றொரு நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. சாட்டைக்கு வசதியான நம்பிக்கை. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். மொத்தத் தடிமனில் குதிரை முந்தியது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் தடிமன் அடியடுக்கில் இருந்தது. வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பது மேலடுக்கில். அது குதிரையைவிட மனிதருக்கே சற்றுத் தடிப்பு. நரம்பு முனைகளின் அடர்த்தியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கும் முன்பே, அமெரிக்க உளவியலாளர் கேரல் சாஸ்லோ, அளந்த விசையில் வளையும் மெல்லிய இழைகளால் குதிரையின் விலாவைத் தொட்டுச் சோதித்தார். சவாரி செய்பவரின் கால் படும் அந்தப் பகுதி, மனிதரின் கெண்டைக்காலைவிட மட்டுமல்ல, விரல்நுனியைவிடவும் நுட்பமான தொடுகையை உணர்ந்தது. சவாரிப் பள்ளிகளில் 'இந்தக் குதிரை மரத்துப்போனது, உதைத்தால்தான் நகரும்' என்று சொல்லப்படும் குதிரைகளை இந்த முடிவோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு உணர்ச்சி போய்விடவில்லை. ஓயாமல் உதைபட்டு, பதில் சொல்வதை நிறுத்திவிட்டன.

பாலூட்டிகளின் ரோமத் தோலில் இன்னொரு வகை நரம்பிழையும் உண்டு. 1939இல் ஸ்வீடன் நாட்டு உடலியலாளர் ஈங்வே சோட்டர்மன் பூனையின் தோலில் இதைப் பதிவு செய்தார். மெல்லிய, உறையில்லாத, மெதுவாகச் செய்தி கடத்தும் இழை. பொதுவாக வலிச் செய்தியைச் சுமக்கும் வகை. ஆனால் இவர் கண்டது மென்மையான வருடலுக்கு விழித்துக்கொண்டது. மனிதரிடமும் அது இருப்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் உறுதியானது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூடுள்ள கையால் வருடினால் இந்த இழைகள் மிக நன்றாக இயங்குகின்றன. தாய் குழந்தையின் முதுகை யோசிக்காமலே வருடும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். தட்டலின் வேகம் இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது.

லண்டன் 2012 ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியான டிரெஸ்ஸாஜின் பதிவுகளை பிரிட்டனின் நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, அநேகமாக எல்லா வீரர்களும் குதிரையைத் தட்டவே செய்தார்கள். சொறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தட்டு வாங்கிய குதிரைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் எதிர்வினை காட்டின. பல நேரம் வேகம் கூடியது. சவாரிப் பள்ளிக் குதிரைகளில் தட்டலையும் தோள்மேட்டுச் சொறிதலையும் ஒப்பிட்டபோது, சொறிந்த குதிரைகளில்தான் இதயத் துடிப்பு இறங்கியது. தட்டல் குதிரைக்குக் கொடுமை என்று நான் சொல்லவரவில்லை. தட்டிய கையோடு கடிவாளம் தளர்கிறது, வேலை முடிகிறது, இடையில் ஏறிய பாரம் இறங்குகிறது. ஆகவே தட்டல் நல்ல செய்தியின் முன்னறிவிப்பு என்று குதிரை கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ளத் தேவையே இல்லாத ஒரு பாராட்டு, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், சேணத்துக்கு நேர் முன்னால் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஆனால் வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டால் போதாது. பிரான்சின் லேயா லான்சாட் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் குதிரைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு லாயங்களில் வழக்கமாக நடக்கும் தேய்ப்பு: வரிசை மாறாமல், குதிரை என்ன சொன்னாலும் முடிக்க வேண்டிய வேலையாக. மற்றதற்கு, குதிரையின் பதிலைப் பார்த்து இடத்தையும் அழுத்தத்தையும் மாற்றிக்கொள்ளும் மென்மையான தேய்ப்பு. இருவகைக் குதிரைகளுக்கும் முகமே வேறு. மென்மையாகத் தேய்க்கப்பட்டவற்றின் கண் பாதி மூடியது, கழுத்து தளர்ந்து நின்றது, மேலுதடு முன்னால் நீண்டு துடித்தது. மற்றவை கழுத்தை உயர்த்தி, கண்ணை அகல விரித்து, உதட்டை இறுக்கி, காதுக்கொரு பக்கமாகத் திருப்பி நின்றன. ஓராண்டுக்கும் மேல் கழித்து மறுபடி தேய்த்தபோதும் இந்த வித்தியாசம் மறையவில்லை. இதே ஆய்வில் ஒரு முரணும் உண்டு. 'அன்பு ஹார்மோன்' என்று பத்திரிகைகள் கொஞ்சும் ஆக்ஸிடோசினின் அடிப்படை அளவு, சுகமாக இருந்த குழுவில் கூடவில்லை, குறைந்தது. ஒரு வேதிப்பொருளுக்கு ஓர் உணர்ச்சி என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரியை இரண்டுமுறை படிப்பது நல்லது.

நீளும் அந்த மேலுதடுதான் கைக்குக் கிடைக்கும் மிக நம்பகமான பதில். குதிரை இன்னொன்றைச் சொறியத் தயாராகும்போது செய்யும் அசைவு அது. கொட்டாவியை அவ்வளவு நம்ப முடியாது. தளர்ச்சியிலும் வரும், எரிச்சலிலும் வரும். வாயை மெல்லுவதும் உதட்டை நக்குவதும் பணிவின் அடையாளம் என்று குதிரைப் பயிற்சியாளர்கள் பலகாலம் சொல்லிவந்தார்கள். எக்வடோரில் கட்டற்றுத் திரியும் குதிரைகளைக் கவனித்த ஆய்வில் தெரிந்தது வேறு: இறுக்கத்திலிருந்து தளர்வுக்கு மாறும் நேரத்தில் வாய் அசைகிறது. அப்படியானால் மெல்லும் குதிரை இப்போது நிம்மதியாக இருக்கலாம், ஆனால் சற்று முன்வரை பதற்றத்தில் இருந்திருக்கிறது. அதை அந்த நிலைக்குக் கொண்டுபோனது நம் கையாகவே இருந்திருக்கலாம்.

அசையாமல் நிற்பதை அமைதி என்று எடுத்துக்கொள்வதிலும் இதே ஆபத்து. குதிரையின் மேலுதட்டைக் கயிற்று வளையத்தில் மாட்டி, கட்டையால் முறுக்கிப் பிடிக்கும் உத்தி பல நாடுகளில் உண்டு. ஊசி போடவும் லாடம் அடிக்கவும் முரட்டுக் குதிரையை இப்படித்தான் நிறுத்துவார்கள். குதிரை தலை தாழ்ந்து, கண் சொருகி, சிலைபோல நிற்கும். 1984இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை அளந்தபோது எண்டார்ஃபின் கூடியிருந்தது, துடிப்பும் இறங்கியிருந்தது. அப்படியானால் இதுவும் ஒருவகை மசாஜ்தானா? 2017இல் இன்னொரு குழு நேரத்தை நீட்டிப் பார்த்தது. முதல் ஐந்து நிமிடம் துடிப்பு இறங்கியது. அதற்கு மேல் பிடித்தால் ஏறத் தொடங்கியது. உதட்டுக்குப் பதில் காதை முறுக்கினால் தொடக்கத்திலிருந்தே ஏறியது, உமிழ்நீரில் கார்டிசாலும் கூடியது. வலியை மரக்கச் செய்யும் உடலின் சொந்த மருந்து கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு தீர்ந்துபோகும். சொறிந்தால் கிடைக்கும் தளர்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாடித்துடிப்பின் ஓர் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கயிற்றை அவிழ்த்ததும் குதிரை என்ன செய்கிறது, கையைப் பார்த்து விலகுகிறதா என்பதைப் பார்த்தால் தெரியும்.

குதிரை மசாஜ் ஒரு தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குதிரையேற்ற அணியோடு வேலை செய்த ஜாக் மீகர், விளையாட்டு வீரர்களுக்கான மசாஜைக் குதிரைக்குக் கொண்டுவந்தவர். அதே காலத்தில் லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ், மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் மனித உடலியக்கம் கற்று, விரல்நுனிகளால் தோலை ஒன்றேகால் வட்டம் நகர்த்தும் முறையை உருவாக்கினார். பின்னால் வந்த ஜிம் மாஸ்டர்சனின் அழுத்த அளவுகோல் இன்னும் சுவையானது: தோலைத் தொடாமல் காற்று இடைவெளி, முட்டை மஞ்சள்கருவை உடைக்காத அழுத்தம், திராட்சை, பிறகு எலுமிச்சை என்று ஏறும். தொடக்கம் எப்போதும் அடிப்படியிலிருந்துதான்.

இவற்றில் எது சோதனையில் நின்றது? 2004இல் செபாஸ்டியன் மெக்பிரைட் குழு குதிரை உடலில் ஆறு இடங்களில் மசாஜ் செய்து துடிப்பை அளந்தது. முன்னங்கால் தவிர மற்ற ஐந்திலும் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. மிக அதிகமாக இறங்கியது தோள்மேடு, நடுக்கழுத்து, இடுப்பின் மேல்புறம். குதிரைகள் தங்களுக்குள் சொறிந்துகொள்ளும் அதே இடங்கள். கமார்க் முடிவு இங்கே கொஞ்சம் தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: பழகிய கை பொறுமையாகப் பிசைந்தால் வரைபடத்துக்கு வெளியிலும் சிறிது பலன் உண்டு. போலந்தில் அரேபியப் பந்தயக் குதிரைகளுக்கு ஒரு பருவம் முழுக்கத் தளர்வு மசாஜ் செய்து பார்த்தபோது, இதயத் துடிப்பின் போக்கு அவற்றின் மன அழுத்தம் குறைந்ததைக் காட்டியது. 2008இல் வந்த இன்னொரு ஆய்வு, முதுகில் எவ்வளவு அழுத்தினால் குதிரை கூசுகிறது என்று அளந்தது. ஒரு வாரம் கழித்து அந்தத் தாங்கும் அளவு, மசாஜ் பெற்றவற்றில் 12 சதவீதம் கூடியிருந்தது. ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிமருந்து பெற்றவற்றில் 8 சதவீதம். மூட்டு நீவும் சிகிச்சை பெற்றவற்றில் 27. ஆனால் அவை நோயற்ற குதிரைகள். மசாஜ் மருந்தை வென்றது என்று இதை விளம்பரமாக்குகிறவர்கள் அந்தச் சின்ன வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடக் கூடாத இன்னொன்று, லாக்டிக் அமிலக் கதை. ஓட்டத்துக்குப் பின் தசையில் தேங்கும் கழிவை மசாஜ் பிழிந்து எடுக்கிறது என்பார்கள். ஓட்டத்தில் சேரும் லாக்டேட்டை உடல் தானே ஒரு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு தீர்த்துவிடும். மெல்ல நடத்திக் கூட்டிப்போனால் இன்னும் சீக்கிரம். தவிர, தரோப்ரெட் பந்தயக் குதிரை சுமார் 500 கிலோ எடை, அதில் பாதிக்கு மேல் தசை. அந்த மலையின் ஆழத்தை மனிதக் கட்டைவிரல் பிழிந்துவிடும் என்று நம்புவதற்குத் துணிச்சல் வேண்டும். கையின் ஆட்சி தோலிலும் நரம்பிலும் நடக்கிறது. நரம்பு அடங்கினால் தசை தானே தளரும். திராட்சை அழுத்தம் வேலை செய்வதற்கும் இதுதான் காரணம்.

சில வேளைகளில் கையை எடுத்துவிட வேண்டும். வயிற்றுவலியில் புரளும் குதிரை, காய்ச்சல் உள்ளது, புதிதாக அடிபட்டு வீங்கிய கால், ஓட்டத்துக்குப் பின் இடுப்புத் தசை கல்லாக இறுகிச் சிறுநீர் காப்பி நிறத்தில் போவது: இவை கால்நடை மருத்துவரின் வேலை. அங்கே தேய்ப்பது தாமதம் மட்டுமல்ல, கேடும்கூட.

மற்ற நேரங்களில், நேர் முன்னாலோ பின்னாலோ போகக் கூடாது. அங்கே குதிரைக்குக் குருட்டு மூலை. தோளுக்குப் பக்கவாட்டில் போய், கையை நீட்டி, அது முகர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். விரல்களைச் சற்றே வளைத்து, தோள்மேட்டின் பக்கச் சரிவில், ரோமத்தோடு தோலும் அசையும்படி மெதுவாகச் சொறிய வேண்டும். கூச்சமுள்ள குதிரைக்கு லேசான கீறல் ஈயைப்போல உறுத்தும், ஆகவே அழுத்தம் கொஞ்சம் இருக்கட்டும். சிறிது நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டு, ஓரடி தள்ளி நின்று பார்க்கலாம். அது நம் பக்கம் சாய்ந்தாலோ ஓரடி நெருங்கினாலோ தொடரலாம். தலையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக நடந்தால் ஒரு சிக்கல் வரும். மேலுதடு நீண்டு துடிக்கும், கழுத்து வளையும், குதிரை நம் தோளில் பல்லை வைக்கும். அதன் முறைப்படி இது கைம்மாறு, சொறிந்தவரைச் சொறிகிறது. ஆனால் இன்னொரு குதிரையின் தோலுக்கேற்ற பல் பட்டால், சட்டை போட்ட மனிதத் தோள் நீலமாகக் கன்றிப் போகும். அந்த நொடியில் மூக்கில் ஓர் அறை கொடுப்பது பலரின் முதல் வேகம். கடித்ததற்கான தண்டனை என்று அவர்கள் நினைப்பார்கள். குதிரைக்கு அது சுகமாக நின்றதற்கான தண்டனை. பழகிய குதிரைக்காரர்கள் இன்னொரு கையை அதன் கன்னத்தில் வைத்து, தலையை மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, சொறிவதைத் தொடர்கிறார்கள். சுரண்டுவதற்குப் பக்கத்தில் ஒரு வேலிக்கம்பம் இருந்தால் குதிரை தன் பாக்கியை அதில் தீர்த்துக்கொள்ளும்.